அகிலாவாக இருக்கும் வேலை

கலாமணியை வேலையை விட்டு நிறுத்தியது அவளுடைய குரலேதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கைபேசி அடித்தது. "வணக்கம் கலாமணி, நான் அகிலா பேசறனுங்க" என்றது. எந்தச் சொல்லை இழுப்பது, எங்கே லேசாகச் சிரிப்பது, எல்லாம் அவளுடையது. கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் கேட்பவரை உட்காரச் சொல்வது கலாமணியின் பழக்கம். "கொஞ்சம் உக்காந்துக்கறீங்களா?" என்றது அகிலா. கலாமணி உட்கார்ந்தாள். மீதியை அது சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் சொன்னது. முழுதாக, மரியாதையாக.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது.

பீளமேட்டில், கிரைண்டரும் தண்ணீர் மோட்டாரும் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவள் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் விசேஷம் இருக்கும்போது மாவு பாதி அரைந்த நிலையில் கிரைண்டர் நின்றுபோனால் மனிதர்கள் எப்படியெல்லாம் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வாரண்டி முடிந்துவிட்டது, அல்லது ஆள் நாளைக்குத்தான் வருவார். அவளிடம் இருந்த பதில்கள் பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் அவள் சொல்லி முடிக்கும்போது எதிர்முனையில் இருப்பவர், "போகட்டும் விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவளைத் தேற்றிவிட்டுப் போனை வைப்பார். இல்லை என்று சொல்லி நன்றி வாங்குகிற குரல். அதற்கு நல்ல விலை உண்டு என்று கம்பெனி கண்டுகொண்டது.

பேசும் இயந்திரம் செய்வதென்று முடிவானபோது அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். பல வருடங்களாகப் பதிவாகிக் கிடந்த அவளுடைய அழைப்புகளை எல்லாம் அதற்குத் தின்னக் கொடுத்தார்கள். பிறந்த குழந்தைக்குப் பேர் வைப்பதுபோல அதற்கு அகிலா என்று பேர் வைத்து, கலாமணிக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். பிரிவில் எல்லோரும் கை தட்டினார்கள். மேற்பார்வையாளர் மெர்லினைத் தவிர, கை தட்டியவர்கள் யாரும் இப்போது அங்கே வேலையில் இல்லை.

அவள் கணவர் லேத் பட்டறையில் இருந்தவர். கண் பார்வை மங்கியதால் நின்றுவிட்டார். செய்தியைக் கேட்டதும், "உன்ற குரலே வந்து சொல்லுச்சா?" என்றார்.

"ஆமாங்க."

"மரியாதையா சொல்லுச்சா?"

"ரொம்ப மரியாதையா."

"வேற எவனாச்சும் சொல்லியிருந்தா நாம சண்டைக்காச்சும் போயிருக்கலாம், அம்மணி" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொஞ்ச நாளைக்குத் தாங்கியது.

வயதைக் காரணம் காட்டி வேலை தர மாட்டார்கள் என்று அவள் பயந்திருந்தாள். வயதை யாரும் கேட்கவே இல்லை. அதற்குள் கம்பெனி அகிலாவை ஊரெல்லாம் வாடகைக்கு விட்டிருந்தது. வங்கியில், ஆஸ்பத்திரியில், பஸ் ஸ்டாண்டில், லிப்டுக்குள் எல்லாம் அவள் குரல்தான்.

ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். "காட்டன் பாக்கறீங்களா, பட்டு பாக்கறீங்களா?" என்று கேட்டாள். வந்த அம்மா கூரையை அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, இந்த மெஷினை அமத்திட்டு யாராச்சும் ஆளை வரச் சொல்லுங்க" என்றார். சாயந்திரம் முதலாளி கூப்பிட்டார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வாயத் தொறந்தாலே, ஒண்ணை அமுத்தறதா ரெண்டை அமுத்தறதான்னு ஜனங்க முழிக்கறாங்க."

அடுத்தது ஒரு காப்பீட்டு நிறுவனம். நேர்முகத் தேர்வு போனில். கேள்வி கேட்டதும் அகிலாதான். கலாமணி தன் பெயரையும் அனுபவத்தையும் சொன்னாள்.

"மன்னிக்கணுங்க. செயற்கைக் குரல்ல விண்ணப்பிக்க அனுமதி இல்லீங்க."

"நான் மனுசிதானுங்க."

"புரியுதுங்க. ஆனா அதை உறுதி பண்ண முடியலீங்க."

தன் குரலோடு எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டாள். ஒரு நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து கணவரின் கைபேசிக்கு அழைப்பு வந்தது. கலாமணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "நாளைக்குக் கண்ணு காட்டற நாளுங்க, மறந்துடாதீங்க" என்றது. குளியலறைக்குள்ளிருந்து அவர், "ஞாபகம் இருக்குது அம்மணி, நீ வேற தொணதொணன்னு" என்றார். கலாமணி அடுப்படியில் நின்றிருந்தாள். அவள் வாயே திறந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சைக் குறைத்தாள். ஒரே நாளில் அல்ல. தேவையில்லாததை முதலில் நிறுத்தினாள். பிறகு பார்த்தால் பெரும்பாலானது தேவையில்லாததாகவே இருந்தது. தட்டை வைப்பாள், டம்ளரை வைப்பாள், தலையாட்டுவாள். "உடம்பு சரியில்லையா?" என்று அவர் கேட்பார். தலையை இடவலமாக ஆட்டுவாள்.

ஒரு நாள் மெர்லின் அவளைப் பேக்கரிக்கு வரச் சொன்னாள். தேங்காய் பன்னும் டீயும் வந்தன.

"வேலை இருக்குதுக்கா. பேசற வேலை."

"என்ற குரல்ல பேசினா யாரு கேப்பாங்க, மெர்லின்?"

"அந்தக் குரல்லதான் பேசணும். அதுதான் வேலையே." மெர்லின் குரலைத் தாழ்த்தினாள். "புகார் நம்பருக்கு ஜனங்க போன் போடறாங்க. கிரைண்டர் கெட்டுப்போச்சும்பாங்க. கெட்டிருக்காது. கொஞ்ச நேரம் போனதும் மகன் பேசறதில்ல, வேலை போயிருச்சு, சம்சாரம் செத்து வருசமாச்சுன்னு ஆரம்பிப்பாங்க. மெஷின்கிட்ட என்ன வெக்கம்?"

"நல்லதுதானே. சொல்லிட்டுப் போகட்டும்."

"கொஞ்ச நேரத்துக்கு நல்லாப் போகும். அப்பறம் அகிலா சொன்னதையே சொல்லும். ஒருத்தர், இனி இருந்து என்ன பண்றதுன்னு கேட்டாரு. உங்க புகாரைப் பதிஞ்சுக்கிட்டோமுன்னு சொல்லிருச்சு."

கலாமணி கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தாள்.

"இருக்காரு, உசுரோடதான் இருக்காரு" என்றாள் மெர்லின். "பக்கத்து வீட்டுக்காரங்க பாத்துட்டாங்க. கேஸாச்சு. அதுக்கப்பறம் இந்த மாதிரி அழைப்பை நடுவுலயே ஒரு மனுசருக்கு மாத்தி விடறோம். ஆனா மனுசருன்னு தெரியக் கூடாது."

"தெரிஞ்சா என்ன?"

"வெச்சுடறாங்கக்கா. அந்த நிமிசமே வெச்சுடறாங்க. பாவம், அவமானமாப் போயிருது. அதனால அகிலா மாதிரியே பேசணும். முடியும்போது அகிலா ஒரு கேள்வி கேக்கும், நீங்க பேசினது மெஷின்கூடவா மனுசர்கூடவான்னு. மனுசருன்னு சொல்லிட்டா, பேசின ஆளுக்கு அதோட வேலை போச்சு."

"ஒரு தடவைக்கேவா?"

"ஒரு தடவைக்கே. அழைப்பெல்லாம் பதிவாகும். வீட்டுலகூடச் சொல்லக் கூடாது. இப்படி ஒரு வேலை இருக்குதுன்னு வெளிய தெரிஞ்சா அப்பறம் யாரு நம்பி மனசு விட்டுப் பேசுவாங்க?"

கலாமணி ஒத்துக்கொண்டாள். வேறு இடம் இல்லை என்பது ஒரு காரணம். பேசாமல் இருந்து இருந்து நாக்கு தடித்துப்போனது மாதிரி இருந்தது என்பது இன்னொன்று. வீட்டில், ஒரு குடோனில் லேபிள் ஒட்டும் வேலை என்று சொன்னாள்.

"வாயே தொறக்க வேண்டியதில்லையா?" என்று கேட்டார் அவர்.

"வேண்டியதில்லீங்க."

"உனக்கு அது ஆகுமா?"

அவள் தலையாட்டினாள்.

ஜன்னல் இல்லாத ஒரு அறையில் ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் வேறு வேறு இடங்களில் வேலை போனவர்கள். அவர்கள் எந்தக் குரலில் பேசினாலும் மைக்கில் இருந்த கருவி அதை அகிலாவின் குரலாக்கி அனுப்பியது. பெரிய மீசை வைத்த ரவூஃப் பாய், மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர், கலாமணி உள்ளே வந்ததும் எழுந்து நின்றார்.

"ஒரிஜினல் வந்துருச்சு. டூப்ளிகேட்டெல்லாம் எந்திரிச்சு எடம் விடுங்கப்பா."

"உக்காருங்க பாய்."

"உங்க தொண்டையிலதாம்மா எங்க குடும்பமே சாப்பிடுது. உக்காரச் சொன்னா உக்காந்துக்கறேன்."

பயிற்சியில் தோற்றது கலாமணி ஒருத்திதான். சோதனைக்குப் பேசியவர்கள் எல்லோரும் ரவூஃப் பாயை மெஷின் என்றார்கள். கலாமணியை மனுசி என்றார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் இதைச் சொல்லியிருந்தால் அவளுக்கு வேலை கிடைத்திருக்கும்.

"மூச்சு விடறது கேக்குது" என்றாள் மெர்லின். "அகிலாவுக்கு மூச்சு கெடையாது. அப்பறம் நீங்க அவங்களுக்காகக் காத்திருக்கறீங்க. மெஷின் காத்திருக்காது. கொஞ்சம் பேச்சு நின்னாலும் பேரைச் சொல்லிக் கூப்பிடணும்."

தன்னைப் பார்த்துச் செய்ததைப் பார்த்து அவள் தன்னைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து மூச்சு விடக் கற்றாள். பெயர்களைச் சலிக்காமல் சொல்லக் கற்றாள். "சொல்லுங்க பழனாத்தாள்." "கேட்டுக்கிட்டிருக்கறேன் சம்பத்." ஒரு வாரத்தில் அவள் நல்ல மெஷினாகிவிட்டாள்.

திருப்பூரிலிருந்து ஒருவர் பேசுவார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். வேலை போனது வீட்டுக்குத் தெரியாது. காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி பூங்காவில் உட்கார்ந்து அகிலாவுக்குப் போன் போடுவார். "இந்த வயசுக்கு மேல எவன் எடுத்துக்குவான், சொல்லு" என்பார். மெஷின் ஆறுதல் சொல்லலாம், தன் கதையைச் சொல்லக் கூடாது. கலாமணி யோசித்துச் சொன்னாள். "எங்க பதிவுல, அம்பது வயசுக்கு மேல வேலை போயி, மறுபடியும் கெடச்ச ஒருத்தங்க இருக்கறாங்க சம்பத்."

"நெசமாவா? என்ன வேலை?"

"மொதல்ல பாத்த வேலைதானுங்க. ஆனா வேற மாதிரி."

அவர் "மெஷின் பொய் சொல்லாது" என்றார். அன்று அவர் சீக்கிரம் வைத்துவிட்டார். வீட்டுக்குப் போகிறேன் என்றார்.

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பெயர் திரையில் வரும்வரை.

சென்னியப்பன். டில்டிங் கிரைண்டர். கல் சத்தம் போடுகிறது.

ஊழியர் தள்ளுபடியில் கணவர் பெயரில் அவள் வாங்கிய கிரைண்டர். அன்று காலைகூட அதில் மாவு அரைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. தினமும் பேசுகிறவர் என்று திரையில் குறிப்பு இருந்தது. இதுவரை அகிலாவே சமாளித்திருக்கிறது. இன்று நடுவில் திணறி, இந்த மேசைக்குத் தள்ளியிருக்கிறது.

காதில் அவர் குரல் வந்தது. பாதிப் பேச்சில் இருந்தார்.

"...அவ முன்னெல்லாம் பஸ்ஸுல வந்தவ போனவ கதையெல்லாம் சொல்லுவா, அகிலா. நான் காதுல வாங்காம டிவி பாப்பேன். இப்ப குடோன்ல லேபிள் ஒட்டறா. வந்தா தட்டை வெக்கறா, படுத்துக்கறா. பேச வெச்சுப் பாத்தேன், சண்டைகூடப் போட்டுப் பாத்தேன். வாயத் தொறக்க மாட்டேங்கறா. அந்தக் குரலை ஊருக்கே குடுத்துட்டு எனக்கு இல்லாமப் போச்சு. அதான் உனக்குப் போடறேன். கிரைண்டர் நல்லாத்தான் ஓடுது. பொய்ப் புகாருன்னு கோச்சுக்காதே."

கலாமணி மைக்கைத் தள்ளி வைக்க மறந்துபோனாள்.

"இன்னொண்ணு சொல்லட்டுமா? நீ மொதல் நாளு 'வணக்கம் சென்னியப்பன்'னு சொன்னே பாரு. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. அவ குரல்ல என்ற பேரு. கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து அவ ஒருக்காகூடச் சொன்னதில்ல. நானும் சொல்லச் சொல்லிக் கேட்டதில்ல, அது எங்க பக்கம் அப்படித்தான். ஆனா கேட்டா நல்லா இருக்குது, பாரேன். ஒருக்கா சொல்லு. வெச்சுடறேன்."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். கேட்காவிட்டாலும் அகிலா அந்த இடத்தில் பெயரைச் சொல்லியிருக்கும். கலாமணி வாயைத் திறந்தாள்.

வரவில்லை.

அவள் அதில் பெரிய நம்பிக்கை உள்ளவள் அல்ல. புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று யாராவது சொன்னால் சிரிப்பாள். ஆனால் ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் அவர் முகத்தைப் பார்ப்பாள், அவரே சொல்லிக்கொள்வார். முப்பது வருடமாகப் போகாத வழியில் நாக்கு போக மாட்டேன் என்றது. நாள் முழுக்க யார் யார் பெயரையோ சொன்ன அதே நாக்கு.

அடுத்த மேசையிலிருந்து ரவூஃப் பாய் பார்த்தார். 'பேரு, பேரு' என்று உதட்டை மட்டும் அசைத்தார். கலாமணி தலையாட்டினாள். எச்சில் விழுங்கினாள். அது மைக்கில் கேட்டிருக்கும்.

"சொல்லுங்க" என்றாள். வெறும் சொல்லுங்க.

எதிர்முனையில் அடுப்படிக் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. அவளுக்குத் தெரிந்த குழாய்.

"பேரு வரமாட்டேங்குதா?" என்றார், மிக மெதுவாக.

அவள் மூச்சு மட்டும் போய் வந்தது. எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கேள்வி, அவர் வாயிலிருந்து அவள் பெயர், போதும். இந்த நாற்காலியும் போய்விடும். இதற்கு அப்புறம் நாற்காலி கிடையாது.

அவர் தொண்டையைச் செருமினார்.

"சரி, உடு" என்றார். குரல் சத்தமாக, யாருக்கோ கேட்க வேண்டும் என்பதுபோல வந்தது. "மெஷினுன்னா ஒரு நாளைக்கு மக்கர் பண்ணத்தான் செய்யும். அங்க மெஷினுக்கெல்லாம் ஏசி கீசி போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க."

"நல்லது. மெஷினுக்குச் சூடு ஆகாது. நேரத்துக்கு நிறுத்தி நிறுத்தி ஓட்டறாங்களா?"

"மதியம் கொஞ்ச நேரம் நிறுத்துவாங்க."

"அதுக்குள்ள போட வேண்டியதைப் போட்டுக்கோணும். எண்ணெய் இல்லாம ஓடக் கூடாது. என்ற புகாரை எடுத்துரு, அம்மணி. சத்தம் நின்னுபோச்சு."

இவ்வளவு நேரமும் அவர் அகிலா என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

கலாமணி பொத்தானை அழுத்தினாள். இனி அவள் பேச முடியாது, கேட்க மட்டும் முடியும். நிஜ அகிலா வந்தது. தெளிவாக, மூச்சில்லாமல், கலாமணியின் குரலில்.

"நன்றிங்க சென்னியப்பன். ஒரே ஒரு கேள்விங்க. நீங்க இப்ப பேசினது மெஷின்கூடங்களா, மனுசர்கூடங்களா?"

குழாய் இரண்டு முறை சொட்டியது.

"மெஷின்தானுங்க" என்றார் அவர். "காலம் பூரா லேத்தோட இருந்தவனுங்க நானு. எது மெஷினுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

இணைப்பு அறுந்தது. திரையில் பச்சை விளக்கு எரிந்தது. ரவூஃப் பாய் தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "யாரும்மா?" என்றார். அவள் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். அவர் திரும்பக் கேட்கவில்லை.

சாயந்திரம் அவள் வீட்டுக்குப் போனபோது அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். வெங்காயம் இருந்ததால் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒரு பிடி எடுத்தாள்.

"இன்னைக்கு பஸ்ஸுல ஒரு பொம்பளை பாருங்க" என்று ஆரம்பித்தாள். "கோழியை ஒரு பையில போட்டு எடுத்துட்டு வர்றா. கண்டக்டரு அதுக்கும் டிக்கெட் எடுன்னு நிக்கறாரு..."

அவர் எட்டி டிவியை அணைத்தார். கதை ஒன்றும் பெரிதாக இல்லை. கோழி கடைசியில் டிக்கெட் இல்லாமலே இறங்கிப்போனது. அவர் "அப்பறம்?" என்றார். அப்பறம் ஒன்றும் இல்லாததால் அவள் வேறொரு கதைக்குப் போனாள்.

காலையில் கிளம்பும்போது அவர் சாப்பாட்டுப் பையில் ஒரு பிளாஸ்க்கையும் வைத்தார்.

"என்னங்க இது?"

"சுடுதண்ணியில பனங்கற்கண்டும் மொளகும் போட்டிருக்குது. அப்பப்ப குடிச்சுக்கோ." செருப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார். "லேபிள் ஒட்டறவங்களுக்குத் தொண்டை காஞ்சுபோயிரும்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடோனுக்கு நேரமாச்சு பாரு" என்றார்.

அந்த வாரக் கடைசியில் மெர்லின் அவள் மேசைக்கு வந்தாள்.

"தெனமும் பேசற ஒருத்தர் நின்னுட்டாருக்கா. கடைசியா உங்ககிட்டத்தான் பேசியிருக்காரு. கோவமா வெச்சாரா?"

"இல்ல மெர்லின்."

"பின்ன ஏன் போடறதில்ல?"

"பேச ஆள் கெடச்சிருக்கும்" என்றாள் கலாமணி. பிளாஸ்க் மூடியில் ஊற்றி ஒரு மடக்கு குடித்தாள். திரையில் அடுத்த அழைப்பு மின்னியது. மைக்கைத் தள்ளி வைத்து ஒருமுறை மூச்சு விட்டுக்கொண்டு, பக்கத்தில் இழுத்தாள்.

"சொல்லுங்க சம்பத். இன்னைக்கும் பூங்காவுலதான் இருக்கறீங்களா?"

"இல்ல அகிலா" என்றார் அவர். "வீட்டுல இருந்து பேசறேன்."